கோணாமலையின் அரை வேகம்

முன்னேறிய நாடுகளெல்லாம் வேகத்தை நம்பிக் கெட்டுப்போய்க்கொண்டிருந்த ஒரு காலத்தில், திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், தலைமை எழுதுவினைஞர் கோணாமலை அரை வேகத்தைக் கண்டுபிடித்தார். வரலாறு அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, வரலாறும் அரை நாள் லீவு போட்டிருக்க வேண்டும்.

அந்த அலுவலகத்தின் முழுப் பெயர் ‘சிறுகலன் சவாரி அனுமதிகள் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு’. கடலுக்குள் ஆட்களை ஏற்றிப்போய்த் திமிங்கிலம் காட்ட விரும்பும் சின்னப் படகுக்காரர் ஒவ்வொருவரும் இங்கே வந்து ஒரு கடிதம் பெற வேண்டும். கடிதம் இல்லாமல் போனால் திமிங்கிலத்துக்கு ஆட்சேபனை இல்லை. அலுவலகத்துக்கு உண்டு.

கோணாமலைக்கு ஐம்பத்து நான்கு வயது, இருபத்தொன்பது வருடச் சேவை. அந்தச் சேவையில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, ‘பன்னிரண்டு பேர் ஏறலாம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இருபத்தொரு பேர்’ என்று எழுதிவிட்டார். படகு புறப்படுமுன் யாரோ கவனித்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து கடிதம் எழுதும்போது அவருடைய பேனை சற்று நடுங்கும். பயம் என்று அதற்குப் பெயர் வைத்தால் பதவிக்கு அழகில்லை என்பதால் ‘கவனம்’ என்று வைத்திருந்தார்.

பெப்ரவரியில் அலுவலகத்தில் ‘மன அழுத்த முகாமைத்துவச் செயலமர்வு’ ஒன்று நடந்தது. அழுத்தம் இல்லாதவர்களும் கட்டாயம் சமுகமளிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்ததால் எல்லோருக்கும் சமமாக அழுத்தம் ஏற்பட்டது. கொழும்பிலிருந்து வந்த வளவாளர், தினமும் பத்து நிமிடம் கைத்தொலைபேசியில் ஏதாவது விளையாடினால் உத்தியோகத்தரின் மனம் பூப்போல ஆகும் என்று சொல்லிவிட்டு, மீன் பொரியலுடன் மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் புறப்பட்டார்.

அடுத்த மேசையில் இருக்கும் தனுஷிகாதான் கோணாமலையின் போனில் ஒரு தாள விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். பாட்டு ஒலிக்கும், மேலிருந்து நிறக்கட்டைகள் விழும், தாளத்துக்குச் சரியாக அவை கீழ்க்கோட்டைத் தொடும் நொடியில் விரலால் தட்ட வேண்டும். அளவுக்கு மிஞ்சித் தவறவிட்டால் ஆட்டம் நின்று, திரையில் ஒரு பூனைக்குட்டி அழும்.

முதல் மூன்று பாட்டுகளை அவர் எப்படியோ கடந்தார். நான்காவது பாட்டின் பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்தது. கோணாமலை அதற்குப் ‘பேய்ப்பாட்டு’ என்று பதிவேட்டுப் பெயர் கொடுத்தார். அதில் கட்டைகள் விழவில்லை, கொட்டின. பதினோராவது நொடியில் பூனை அழுதது. அந்தக் கிழமை முழுவதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூனை அழுதுகொண்டே இருந்தது. தனுஷிகாவால் பொறுக்க முடியவில்லை.

“சேர், அதில பயிற்சிப் பகுதியெண்டு ஒண்டு இருக்கு. வேகத்தை ஐம்பது வீதத்துக்குக் குறைச்சு வைச்சு விளையாடுங்கோ. விரல் பழகினாப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டலாம்.”

“அது களவு விளையாட்டில்லையோ பிள்ளை?”

“இல்ல சேர். எல்லாரும் அப்பிடித்தான் பழகிறது.”

இந்த ஆலோசனையின் முதற் பாதியைக் கோணாமலை உடனே நடைமுறைப்படுத்தினார். இரண்டாம் பாதியை மேலதிக ஆய்வுக்காக ஒதுக்கி வைத்தார்.

ஐம்பது வீதத்தில் பேய்ப்பாட்டு பேயாக இல்லை. பெரிய பாரவூர்தி மேட்டில் ஏறுவதுபோல முக்கி முனகி வந்தது. கட்டைகள் ஒவ்வொன்றாக, வரிசையில் நிற்கும் பொதுமக்களைப்போல இறங்கின. அவர் ஒவ்வொன்றையும் பார்த்து, யோசித்து, தட்டினார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குப் பாட்டு முடிந்தது. ஒரு கட்டைகூடத் தவறவில்லை. திரையில் பூனைக்குட்டி எழுந்து நின்று நடனமாடியது. கோணாமலையின் கண் கலங்கிவிட்டது. இருபத்தொன்பது வருடத்தில் அவருடைய வேலையை யாரும் இப்படி மனம் திறந்து பாராட்டியதில்லை.

வீட்டுக்குப் போய் மனைவி யோகம்மாவிடம் தம் கண்டுபிடிப்பைச் சொன்னார்.

“இனி நான் எல்லாத்தையும் அரை வேகத்திலதான் செய்யப்போறன்.”

யோகம்மா புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். “அப்ப இவ்வளவு நாளும் எந்த வேகத்தில செய்தனீங்கள்?” என்று உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார்.

திங்கட்கிழமை முதல் கோணாமலை கடிதங்களையும் அரை வேகத்துக்கு மாற்றினார். ஒரு சொல்லை எழுதுவார். எழுந்து ஜன்னலருகே போய் உள்துறைமுகத்தைப் பார்ப்பார். வந்து அந்தச் சொல் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பார். பேனை நடுங்கவில்லை. நடுங்குவதற்குக்கூட ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை.

காலாண்டு மீளாய்வுக் கூட்டத்தில் பணிப்பாளர் அஸாம் புள்ளிவிபரத் தாளைப் பார்த்துத் திகைத்தார்.

“எழுதுவினைஞர் பிரிவில பிழை வீதம் பூச்சியம் எண்டு போட்டிருக்கு. இது எப்பிடி?”

கோணாமலை எழுந்து பேய்ப்பாட்டைப் பற்றி விளக்கினார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. அஸாம் இரண்டு தடவை குறிப்பெடுத்தார்.

“சேர்,” என்றாள் தனுஷிகா, “போன காலாண்டில அம்பத்தாறு கடிதம் போனது. இந்த முறை பத்தொம்பதுதான்.”

“அதில பிழை இருக்கோ?”

“இல்ல சேர். ஆனா போகாத கடிதம்...”

“போகாத கடிதத்தில பிழை வர ஏலாதுதானே,” என்றார் அஸாம். “அதுதான் இந்த முறையிட சிறப்பு.”

அடுத்த மாதமே ‘நிதானம் 50’ செயற்றிட்டம் பட்டர் கேக்குடனும் பற்றீசுடனும் அங்குரார்ப்பணம் செய்யப்பட்டது. பதாகை மட்டும் அவசரமாக அடிக்கப்பட்டதால் ‘நிதனாம் 50’ என்று வந்திருந்தது. அதைத் திருத்தக் கோரும் விண்ணப்பம் அரை வேகத்தில் பரிசீலிக்கப்பட்டு வருகிறது.

இந்த மகத்தான யுகத்தில்தான் மூதூரிலிருந்து சனூஸா வந்துபோய்க்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அவரும் கணவர் முனாபும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வாங்கி, அதற்குக் கூரையும் இருக்கைகளும் போட்டு, பன்னிரண்டு உயிர்காப்பு அங்கிகளும் தேடிப்பிடித்து, மார்ச்சிலேயே விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். திமிங்கிலம் பார்க்க ஆட்கள் வருவது கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில்தான். சனூஸா மே மாதம் வந்தார். பிறகு ஜூலையில் வந்தார்.

“சேர், என்ட கடிதம்?”

“எழுதிக்கொண்டிருக்கிறன் தங்கச்சி. இரண்டாம் பந்தியில நிக்குது.”

“மே மாசமும் இரண்டாம் பந்திதான் சொன்னீங்க.”

“அப்ப முதல் வரி. இப்ப மூண்டாம் வரி,” என்றார் கோணாமலை. சனூஸாவின் முகம் தெளியாததைக் கண்டு, தத்துவத்தை எடுத்துச் சொல்வது தம் கடமை என்று போனை எடுத்தார். பேய்ப்பாட்டை ஐம்பது வீதத்தில் முழுதாக வாசித்துக் காட்டினார். பூனை ஆடியது. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் கைதட்டினார்.

சனூஸா பொறுமையாகப் பார்த்து முடித்தார்.

“வடிவாத்தான் தட்டுறீங்க சேர். ஆனா கடலுக்கு அப்பிடிப் பட்டன் இல்லையே. ஒக்டோபர் வந்தா காத்து மாறிரும்.”

“விளங்குது தங்கச்சி. ஆனா இது லேசுப்பட்ட வேலையில்ல. ஆக்களிட உயிர் சம்பந்தப்பட்ட கடிதம். எத்தினை படிமுறை இருக்கெண்டு வெளியில நிக்கிறவைக்குத் தெரியாது.”

சனூஸா தலையாட்டிவிட்டு, மூதூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அலுவலகத்தில் பிழை இல்லை. மூதூரில் பிழைப்பு இல்லை. இரண்டுக்கும் தொடர்பிருப்பதாகக் கோணாமலைக்கு அப்போது தோன்றவில்லை.

செப்டம்பர் கடைசியில் மாவட்டத்து அலுவலகங்களுக்கிடையிலான நலன்புரி விழா வந்தது. கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை ஆகியவற்றோடு, காலத்துக்கேற்றபடி ‘மின்விளையாட்டு’ என்ற அம்சமும் சேர்க்கப்பட்டிருந்தது. தனுஷிகா போட்டிருந்த அதே விளையாட்டு. இறுதிச் சுற்றுக்கு அதே பேய்ப்பாட்டு. அஸாம் அதைத் தெய்வச் செயல் என்று கருதிக் கோணாமலையின் பெயரை அனுப்பிவைத்தார். அலுவலகமே திரண்டு வந்து, ‘நிதனாம் 50’ பதாகையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தது.

மேடையில் பெரிய திரை. கோணாமலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஏறினார். கையில் கொடுத்த கருவியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதில வேகத்தைக் குறைக்கிறது எங்க?”

“குறைக்க ஏலாது ஐயா,” என்றார் நடத்துநர். “இது போட்டி.”

“ஐம்பது வேண்டாம். ஒரு அறுபதில...”

பாட்டு தொடங்கிவிட்டது.

ஏழு மாதமாகத் தாம் ஆண்ட பாட்டைக் கோணாமலையால் அடையாளம் காண முடியவில்லை. அவருடைய விரல் முதற் கட்டையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தபோது பதினான்கு கட்டைகள் அவரைக் கடந்து போயின. பதினோராவது நொடியில், எண்ணூறு பேருக்கு முன்னால், ஒரு மாடி உயரத்துக்குப் பூனைக்குட்டி அழுதது. ஏழு மாதத்துக்கு முந்திய அதே பதினொரு நொடி, ஒன்றுகூடக் கூடவில்லை. முன்வரிசையில் அஸாம் மெதுவாகப் பதாகையைச் சுருட்டினார்.

முதற் பரிசு, கிளிவெட்டியிலிருந்து வந்திருந்த ஒரு நெற்களஞ்சியக் காவலாளிக்குப் போனது. அவர் நாற்பத்தொரு கட்டைகளைத் தவறவிட்டிருந்தார். ஆனாலும் பாட்டு முடியும்வரை நின்றார். தேநீர் இடைவேளையில் கோணாமலை அவரைத் தேடிப் போனார். நெஞ்சில் எரிச்சல் இருந்தது. எரிச்சலைவிட அறிய வேண்டும் என்ற ஆசை கூட இருந்தது.

“நீங்கள் எப்பிடிப் பழகினனீங்கள்?”

“ஐம்பதில துவங்கினனான் ஐயா. ரெண்டு நாள். பிறகு அறுபது, எழுபதெண்டு கூட்டிக்கொண்டு போனது. கூட்டக் கூட்டப் பிழைக்கும். பிழைச்சுப் பிழைச்சுத்தான் வந்தது.”

“நான் ஐம்பதில ஒரு பிழையும் விடயில்ல.”

“ஓம் ஐயா, ஒருத்தரும் விடமாட்டினம்,” என்றார் காவலாளி மரியாதையாக. “ஆனா ஐம்பதிலயே நிண்டா அது வேற பாட்டெல்லோ.”

அந்தச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கோணாமலை சரியாகச் சாப்பிடவில்லை. யோகம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பூனை அழுததை எண்ணூறு பேர் பார்த்தது அவரை வருத்தவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட ஒரு விஷயம் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. பெப்ரவரியிலிருந்து தினமும் அவருடைய கட்டைவிரல் எண்பது தொண்ணூறு என்று வேகத்தைக் கூட்டப் போயிருக்கிறது. தினமும் பூனையின் முகம் நினைவுக்கு வந்து திரும்பியிருக்கிறது. பழகுவதற்காக அவர் ஐம்பதில் நிற்கவில்லை. அழாமல் இருப்பதற்காக நின்றார்.

திங்கட்கிழமை, ஒக்டோபர் பிறந்திருந்தது, அவர் எட்டரைக்கே வந்து சனூஸாவின் கோவையை எடுத்தார். ஜன்னலுக்குப் போகவில்லை. எழுதினார். பேனை நடுங்கியது, நடுங்கிய கையாலேயே எழுதினார். பன்னிரண்டு பேர் என்பதை எண்ணிலும் எழுத்திலும் ஒருமுறை சரிபார்த்து, அஸாமிடம் நேரே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு முப்பத்தேழு.

உடம்பெல்லாம் ஒரு குதூகலம் ஓடியது. தபாலில் போடுவதா என்று யோசித்தவர், அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாமே மூதூருக்குப் பஸ் ஏறினார். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது கடல் கறுத்துக் கிடந்ததையும், காற்று ஜன்னல் கண்ணாடியை அறைந்ததையும் அவர் கவனித்தார்தான். ஆனால் மடியில் இருந்த கோவைதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. பணியில் வேகம் என்பதற்கு இனி மாவட்டமே தம்மைத்தான் உதாரணம் காட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

சனூஸாவின் வீடு கரையோரம். படகு மேட்டுக்கு இழுக்கப்பட்டு, தறப்பாள் போட்டு மூடப்பட்டிருந்தது. பன்னிரண்டு உயிர்காப்பு அங்கிகளும் விராந்தையில் அடுக்கியிருந்தன. சனூஸா கதிரையைத் துடைத்துப் போட்டு, பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார்.

“முனாப் இல்லையோ?”

“நிலாவெளியில ஒராள்ர போட்டில வேலைக்குப் போனவர் சேர், மே மாசம். சீசன் முடிஞ்சும் இன்னும் வரல்ல. சொந்தப் போட்டு கரையில கிடக்கிறதப் பாக்க ஏலாதாம்.”

கோணாமலை கோவையைத் திறந்து கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். சனூஸா வாசித்தார். முதற் பந்தி, இரண்டாம் பந்தி, முத்திரை, கையெழுத்து எல்லாம் வாசித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாததால், நல்ல செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று கோணாமலை முடிவு செய்தார்.

“தங்கச்சி, இதை நான் எவ்வளவு நேரத்தில முடிச்சனான் தெரியுமோ?” என்றார். பாராட்டை வாங்க வசதியாகக் கதிரையில் சற்று நிமிர்ந்துகொண்டார். “கையெழுத்து, முத்திரை எல்லாம் சேர்த்து, ஏழே நிமிசம்.”

சனூஸா கடிதத்திலிருந்து கண்ணை எடுத்து, மூடிக்கிடந்த படகைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“அப்ப இது ஏழு நிமிச வேலதானா சேர்?”