அங்கே நம்ம ஆள் இருக்கார்

வரிசையைக் கண்டாலே ஒவ்வாத ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் ஒழுங்காக நிற்கிற இடத்தில், அந்தப் பத்துப் பேரும் விவரம் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்ட அப்பாவிகள் என்பதுபோல ஒருமுறை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கவாட்டுக் கதவை லேசாகத் தள்ளி, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "சார் இருக்காரா?" என்று கேட்பார். எந்த சார்? அது அவருக்கே தெரியாது. ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் அதில் சார் என்று ஒருவர் இருந்துதானே ஆக வேண்டும்?

இவர்தான் ஆள் தெரிந்தவர்.

நாம் இப்போது பார்க்கப்போகிறவர் குழாய் சாமான் கடை வைத்திருப்பவர். தெருவே அவரை ஆளண்ணன் என்று கூப்பிடும். யார் எந்தச் சங்கடத்தைச் சொன்னாலும், சொல்லி முடிக்கும் முன்பே, "விடுங்க, அங்க நம்ம ஆள் இருக்கார்" என்று சொல்லிப் பழகியதால் வந்த பெயர். அவருடைய போனில் மனிதர்களின் பெயரே கிடையாது. கரண்ட் ஆள், ரயில் ஆள், பல் ஆஸ்பத்திரி ஆள், பாஸ்போர்ட் ஆள் (பழசு), பாஸ்போர்ட் ஆள் (புதுசு) என்று ஒரு நாட்டையே நடத்தும் அளவுக்கு ஆட்கள். முடிவெட்டும் கடையில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தாலும், "நம்ம ஆள் வரட்டும்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். நம்ம ஆள் சாப்பிடப் போயிருப்பார். வங்கியில் நாலே பேர் நிற்கும் வரிசையை விட்டுவிட்டு மேனேஜர் அறை வாசலில் அவர் காத்திருக்கையில், அந்த நாலு பேரும் வேலையை முடித்து, வீட்டுக்குப் போய், குளித்து, படுத்திருப்பார்கள்.

குறை சொல்லவும் மனம் வராது. அடுத்தவர் வேலைக்காக வெயிலில் அலைவதற்கு அவர் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. அதனால்தான் அவரை யாராலும் தடுக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவருடைய தம்பி சில மாதங்களுக்கு முன் இறந்துபோனார். தண்ணீர் வாரியத்தில் பம்பு ஆபரேட்டர். நெஞ்சு வலி என்று பக்கத்து ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உயிரோடு திரும்பவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் போய் வீடு வெறிச்சென்று ஆன பிறகு, தம்பி மனைவி மெல்லப் பேச்சை எடுத்தார்.

"மாமா, இறப்புச் சான்றிதழ் வேணுமாம். இந்த மாசக் கடைசிக்குள்ள குடுத்தா அவர் வேலைய எனக்குப் போட்டுத் தருவாங்களாம். தேதி தாண்டிட்டா கஷ்டம்னு சொல்றாங்க. நானே போய் வரிசையில நின்னு..."

"நீ எதுக்கும்மா நிக்கணும்?" ஆளண்ணனுக்குத் தாங்கவில்லை. "நான் எதுக்கு இருக்கேன்? பதிவு ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்கார். நீ பிள்ளைங்களைப் பாரு."

அந்த அம்மா நம்பினார். வீட்டில் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அந்த வேலைதான், அதையும் மாமாவிடம் கொடுத்தாயிற்று.

முதலில் சொந்த ஊர் நகராட்சி. பக்கவாட்டுக் கதவு, தலை, "சார் இருக்காரா?" எல்லாம் முறைப்படி நடந்தது. அங்கே இருந்த எழுத்தர் நிமிர்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த ஊர்ல இறந்தார்?" நியாயமான கேள்வி. ஆனால் ஆள் தெரிந்தவரிடம் யாராவது கேள்வி கேட்பார்களா? "அதெல்லாம் நான் சார்கிட்ட பேசிக்கிறேன்" என்று கதவைச் சாத்திவிட்டு வந்தார். சார் மாற்றலாகிப் போயிருந்தார்.

"சின்ன ஆளுங்ககிட்ட பேசி பிரயோஜனமில்ல. மேல பிடிச்சா கீழ தானா நடக்கும்" என்று தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டு, மறுநாளே தலைநகருக்கு பஸ் ஏறினார். அங்கே மாநிலத் தலைமைப் பதிவு அலுவலகத்தில் அவருக்கு நிஜமாகவே ஒருவரைத் தெரியும். போனில் 'பதிவு ஆபீஸ் கண்ணாடி' என்று இருந்தார். எண் வேலை செய்யவில்லை. பரவாயில்லை, நேரில் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே போய், "கண்ணாடி போட்டிருப்பாரே, அவர் இருக்காரா?" என்று கேட்டார். அறையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லோரும் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

நடு மேஜையில் இருந்த பெண் அதிகாரி பொறுமைசாலி. "என்ன விஷயம், சொல்லுங்க."

சொன்னார்.

"போன மாசம் இறந்தவரா? எங்ககிட்ட ரொம்பப் பழைய பதிவுங்கதான் இருக்கும். சமீபத்துல இறந்தவங்க பதிவு, அவங்க இறந்த ஊர் நகராட்சியில இருக்கும். குடியிருந்த ஊர் இல்ல, இறந்த ஊர். அங்க போய் விண்ணப்பம் எழுதி, உங்க அடையாள அட்டையைக் காட்டி, கட்டணம் கட்டினா குடுத்துடுவாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஆளண்ணனுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. ஆளே இல்லாமல் நடக்கிற வேலையும் ஒரு வேலையா? "எதுக்கும் கண்ணாடிகிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்து, அவர் உயரம், நிறம், மீசை எல்லாவற்றையும் விவரித்தார். அதிகாரியின் முகம் மாறியது.

"ஐயோ, அவரா? போன வருஷம் காலமாயிட்டாரே. அவர் பையனும் உங்களை மாதிரிதான் நேரா இங்க வந்தான், அப்பாவோட ஆபீஸாச்சே, எல்லாரையும் தெரியுமேன்னு. இதையேதான் அவன்கிட்டயும் சொல்லி அனுப்பினோம். அவங்க ஊர் நகராட்சியில வரிசையில நின்னுதான் வாங்கினான்."

ஆளின் பிள்ளைக்கே ஆள் இல்லை. யோசித்துப் பாருங்கள், இறப்புச் சான்றிதழுக்குச் சிபாரிசு கேட்டு, இறந்துபோன ஒருவரைத் தேடி ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போயிருக்கிறார் மனிதர். வேறொருவராக இருந்தால் மறுநாளே பக்கத்து ஊருக்குப் போயிருப்பார். இவர் போகவில்லை. கடை, சரக்கு, கால்வலி என்று ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டார். "ஆயிடுச்சா மாமா?" என்று தம்பி மனைவி கேட்கும்போதெல்லாம், "சொல்லி வெச்சிருக்கேன்மா" என்றார். மாதக் கடைசி கிட்டத்தில் வந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நின்றால் விண்ணப்பம் கைக்கு வந்துவிடும். வந்தால், 'இறந்தவர் பெயர்' என்ற இடத்தில் தம்பியின் பெயரை எழுத வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூட நோட்டு அட்டையில் எல்லாம் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தது அவர்தான். அந்த ஒரு வரியை எழுதத்தான் அவர் ஊரெல்லாம் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு காலை, வேறு வழியில்லாமல் பக்கத்து ஊர் நகராட்சிக்குப் போனார். நடைக்கூடத்தில் நீள வரிசை. பழக்கதோஷம், பக்கவாட்டுக் கதவு எங்கே என்று கண் தேடியது. கதவு கிடைப்பதற்குள் வரிசையில் தெரிந்த முகம் ஒன்று கிடைத்தது. முன்னாலிருந்து இரண்டாவது ஆளாக, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"நீ எப்பம்மா வந்தே?"

"காலையிலயே வந்துட்டேன் மாமா. நம்ம ஊர் நகராட்சியில விசாரிச்சேன், இங்கதான் வரணும்னாங்க." குரலில் கோபம் இல்லை, அதுதான் சுருக்கென்றது. "நாளைக்குத்தான் கடைசி நாள். உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு..."

அதற்குள் முன்னால் இருந்தவர் நகர்ந்துவிட்டார். ஜன்னலுக்குள் இருந்த பெண் எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். தேதி, ஆஸ்பத்திரி எல்லாம் சரி. பெயருக்கான இடம் மட்டும் காலி.

"பேரு எழுதலையே? சரி, சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். இறந்தவர் பேரு?"

தம்பி மனைவிக்கு வாய் வரவில்லை. வரிசையில் நின்ற அத்தனை நேரமும் திடமாக நின்றவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் கம்பியையே பார்த்தார். பின்னால் யாரோ, "கொஞ்சம் சீக்கிரம்" என்றார்கள்.

ஆளண்ணன் வரிசைக்குள் நுழைந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. தம்பியின் பெயரை, முழுப் பெயரை, அப்பாவின் பெயரோடு சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"எத்தனை நகல் வேணும்? ஒவ்வொரு ஆபீஸும் ஒண்ணு வாங்கி வெச்சுக்குவாங்க, கொஞ்சம் கூடவே வாங்கிக்கங்க" என்ற எழுத்தர், அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு?"

இந்தக் கேள்விக்கு அவர் ஆயுள் முழுக்க, 'இன்னாருக்கு வேண்டியவன், இன்னாரைத் தெரிந்தவன்' என்றே பதில் சொல்லி வந்திருக்கிறார்.

"அவனோட அண்ணன்" என்றார்.

சான்றிதழ் மதியத்துக்குள் கிடைத்தது. மறுநாள் தண்ணீர் வாரியத்தில் வாங்கிக்கொண்டார்கள். தம்பி மனைவி இப்போது பம்பு ஹவுஸில் வேலை பார்க்கிறார்.

ஆளண்ணன் திருந்திவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். போன வாரம் கடைக்கு வந்த ஒருவர், மாமனார் இறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது என்று கேட்டார். "இறந்தது எந்த ஊர்?" என்று முதல் கேள்வியைச் சரியாகத்தான் கேட்டார் நம்மவர். பக்கத்து ஊர் என்றதும் முகம் மலர்ந்தது. "அட, அங்கயா? அங்க நம்ம ஆள் இருக்காங்களே! மூணாவது ஜன்னல். நேரா வரிசையில போய் நில்லுங்க, என் பேரைச் சொல்லுங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிறகு உங்கள் போனை எடுத்து, ஊரும் தொழிலும் மட்டும் போட்டுப் பெயரே இல்லாமல் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்து முடித்ததும், நீங்கள் அவர்கள் போனில் எப்படி இருக்கிறீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.