கட்டுக்காரரின் கேமராப் பை

"மூச்சு விடுறீங்களா சார்?" என்று கடைப்பெண் கேட்டாள்.

விட்டால் இடுப்புப் பட்டை தெறித்துவிடுமோ என்ற பயத்தில் கட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். ஒரே வாரத்தில் அவர் முதுகில் ஏறும் மூன்றாவது கேமராப் பை இது. முதல் பையை மாற்ற வந்தபோது கடைப்பெண் சிரித்தாள். இரண்டாவதை மாற்ற வந்தபோது சிரிக்கவில்லை.

"முதல்ல உங்க முதுகு நீளம் என்னன்னு சொல்லுங்க சார்."

கட்டுக்காரர் விழித்தார். ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவுப் பிரிவில் இருபது வருடமாக மாவுக்கட்டு போடுகிறவர். ஊரில் பாதிப் பேருடைய கைகால் நீளம் அவருக்கு அத்துப்படி. சொந்த முதுகை அளக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

இத்தனை பாடும் ஞாயிற்றுக்கிழமை மலையேற்றத்துக்காக. மலையேறிப் படம் எடுக்கும் குழு ஒன்றின் தலைவர், கணுக்கால் முறிந்து அவரிடம் வந்திருந்தார். கட்டு காயும் வரை காலை அசைக்கக் கூடாது அல்லவா? எழுந்து ஓட முடியாத அந்த மனிதருக்குக் கட்டுக்காரர் தன் போனிலிருந்த சூரிய உதயங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். மொத்தம் நூற்று நாற்பது உதயங்கள். அவற்றில் பத்துக்கு மேல் பொறுமையாகப் பார்த்தவர் அதுவரை யாருமில்லை, மனைவி உட்பட.

கால் நன்றாகத் தேறியபின் அதே தலைவர் தேடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களை மாதிரி ஒருத்தர் எங்க குழுவுல இல்லையேன்னு ரொம்ப நாளா கவலை சார். இந்தத் தடவை நீங்க கண்டிப்பா வரணும்."

கட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் ஒரு மனிதருக்காவது அவர் கலை புரிந்திருக்கிறது!

கூடவே ஒரு விதியும் சொன்னார் தலைவர். யாருடைய பையும் ஒன்பது கிலோவைத் தாண்டக் கூடாது. அடிவாரத்தில் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். தாண்டினால் ஆள் வேனிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அன்றிலிருந்து கட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பையைப் பார்த்தே, 'இது கத்துக்குட்டி' என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டால்?

முதலில் வாங்கிய பைக்கு வாய் மேலே இருந்தது. ஒத்திகைக்காக அதை மாட்டிக்கொண்டு பால்கனியில் ஒரு புறாவைக் குறிவைத்தார். பையை இறக்கி, வாயைத் திறந்து, கேமராவை எடுப்பதற்குள் புறா போய்விட்டது. அதை மாற்றி, பக்கவாட்டில் ஜிப் வைத்த பையை வாங்கினார். இந்தத் தடவை புறா இருந்தது. திறந்த ஜிப் வழியாக லென்ஸ்தான் நழுவியது. கீழே அழுக்குத் துணிக் கூடை இருந்ததால் பிழைத்தது.

"நீங்க கேமராவுக்குப் பை வாங்குறீங்களா, பைக்குக் கேமரா வாங்குறீங்களா?" என்றாள் மனைவி.

மூன்றாவது பை முதுகுப் பக்கம் திறந்தது. உள்ளே தடுப்பு, வெளியே மழையுறை, இரண்டு பக்கமும் பட்டை. கடைப்பெண் அதை மாட்டிவிட்டு, "இது உங்களுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு சார்" என்றாள். அவளுக்கும் பாவம், அவர் போனால் போதும்.

வெறும் பையே கனமாக இருப்பதுபோல் தோன்றியது. மறுநாள் பிரசவ வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், குழந்தைகளை நிறுக்கும் தராசில் படுக்க வைத்தார்.

"மூணு கிலோ நூறு. நல்ல எடைதான்" என்றாள் நர்ஸ். "சுகப்பிரசவமா சார்?"

சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. சாமான்களை நிரப்பி மறுபடி வைத்தார். பதினோரு கிலோ! போதாக்குறைக்கு, கேமராவை நிறுத்தும் முக்காலி உள்ளே நுழையாமல் குறுக்கே கட்டப்பட்டு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தது. வார்டை விட்டு வெளியேறுவதற்குள் ஒரு திரைச்சீலையையும் ஒரு தாத்தாவின் கண்ணாடியையும் தட்டிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கட்டில் முழுக்கச் சாமான் பரப்பியாயிற்று. மழைக்கோட்டு, துண்டு, இரண்டாவது தண்ணீர் பாட்டில், பிஸ்கட் எல்லாம் வெளியே போயின. இன்னும் ஒரு கிலோ இறங்க வேண்டும்.

"லென்ஸுல ஒண்ணைக் குறைங்களேன்" என்றாள் மனைவி.

"எதைக் குறைக்கிறது? இது தூரத்துக்கு, இது கிட்டத்துக்கு, இது நடுவுல இருக்கறதுக்கு."

"நடுவுல நான் ஒருத்தி இருபது வருஷமா நிக்கிறேன். எனக்கு ஒரு படம் உண்டா?"

அவர் காதில் விழவில்லை. சாமான்களுக்கு அடியில் கிடந்த ஒரு துணிப்பையை இழுத்தார். கட்டுத்துணிச் சுருள்கள், இரண்டு மரச்சட்டம், கத்தரிக்கோல். நிறுத்துப் பார்த்தால் ஒரு கிலோவும் ஐம்பது கிராமும்!

"அதையா எடுக்கறீங்க? சினிமாவுக்குப் போனாக்கூட அதைத் தூக்கிட்டுத்தானே வருவீங்க?"

"நான் நாளைக்குப் போறது கலைஞனா. அந்தப் பொழைப்பை ஒரு நாளாவது மறக்கறேனே!"

துணிப்பை பீரோவுக்குள் போனது.

அடிவாரத்தில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கழுத்திலும் கேமரா. கொக்கித் தராசைப் பிடித்திருந்த அம்மாள் ஒவ்வொரு பையாகத் தொங்கவிட்டுப் பார்த்தாள். கட்டுக்காரரின் முறை வந்தது. முள் ஆட, அவர் நெஞ்சும் கூடவே ஆடியது.

"எட்டு கிலோ தொள்ளாயிரத்து அம்பது. தாராளமா போகலாம் சார்."

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு, தலைவருக்கு நன்றி சொல்ல ஆசையாகச் சட்டென்று திரும்பினார். முக்காலியும் திரும்பியது. முழங்காலில் அடி வாங்கிய தலைவர் பக்கத்துப் பள்ளத்தில் போய் விழுந்தார். அதே கால். கணுக்கால் பார்க்கப் பார்க்க வீங்கியது.

போச்சு! எல்லாம் போச்சு! கட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆனால் அதிசயம், ஒருத்தரும் திட்டவில்லை. பதறவும் இல்லை. தலைவர்கூட வலியோடு லேசாகச் சிரித்து, "பரவாயில்ல, இவர்தான் இருக்காரே. பையைத் திறங்க" என்றார்.

நாலைந்து பேர் ஆவலாக அவர் பையைத் திறந்தார்கள். ஒரு லென்ஸ் வந்தது. இன்னொன்று வந்தது.

"அது தூரத்துக்கு" என்றார் கட்டுக்காரர், தன்னையறியாமல்.

மூன்றாவதும் வந்தது. பிறகு கேமரா. தராசுக்கார அம்மாள் பையைக் கவிழ்த்து உதறினாள். தண்ணீர் பாட்டிலும் மழையுறையும் மட்டும் விழுந்தன. அவள் பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு பள்ளத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"தலைவரே, படம் எடுக்க நாம பன்னெண்டு பேர் இருக்கோம், விழுந்தா கட்டுப் போட ஒரு ஆள் வேணும்னுதானே இவரைக் கூப்பிட்டீங்க? இவரும் கேமராவைத்தான் கொண்டு வந்திருக்கார்!"