எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழி

பாதரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் ஒளித்த பொய் ஒன்று உண்டு. எனக்கு ஜப்பான் மொழி தெரியும் என்று ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துக் குருநகர் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தது. நான் மறுக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. நான் கடற்கரையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தேன். எஞ்சினும் ஜப்பான், அதோடு வரும் புத்தகமும் ஜப்பான் எழுத்து. அதை விரித்துவைத்து, படத்தைப் பார்த்துத்தான் ஆணியைக் கழற்றுவேன். பார்த்தவர்கள் நான் வாசிக்கிறேன் என்று நினைத்தார்கள். (நெற்றியைச் சுருக்கி, உதட்டையும் அசைத்து நான் கொஞ்சம் உதவி செய்ததுண்டு.)

ஒருநாள் எங்கள் பாதருக்கு யாரோ ஒரு ஜப்பான் கார்ட்டூன் படக் கசற் கொடுத்தார்கள். கடல், புயல், சண்டை எல்லாம் உள்ள சாகசப் படம். ஆனால் ஒரு சொல் விளங்காது. "நீர் இருக்கிறீர், பிறகென்ன?" என்று பாதர் மைக்கை என் கையில் தந்தார்.

ஞாயிறு பின்னேரம் பங்கு மண்டபத்தின் யன்னல்களை இடுப்பில் கட்டும் சாரங்களால் மூடி, ஜெனரேற்றரை இயக்கிப் படத்தைப் போட்டோம். முன்வரிசையில் மெற்றில்டா, எனக்கு நிச்சயித்த பெண். அடுத்த மாதம் கலியாணம். அவளுக்கு விலாசம் காட்டிப் பெருமையடிப்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கமே இல்லை.

படத்தில் ஒருத்திக்கு மஞ்சள் தலைமயிர், ஒருவனுக்கு நீலம். கண் ஒவ்வொன்றும் தேங்காய்ப் பாதியளவு.

"தம்பி, உவையள் ஜப்பான்காரரோ? ஒருத்தருக்கும் ஜப்பான் முகம் இல்லையே!" என்றார் இரண்டு வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி அந்தோனி.

"அங்கை இப்ப உதுதான் பாஷன்," என்றேன் மைக்கில்.

அப்போது பறக்கும் படகொன்றில் ஒரு கறுத்தப் பெண் வந்து இறங்கினாள். என் மூளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இவள்தான் கள்ளி! மஞ்சள்தலை இளவரசியைக் கடத்த வாறாள்!" (நானும் எரித்த சிரட்டை நிறம்தான். பக்கத்தில் நின்றால் அவளுடைய கூடப்பிறந்தவன் என்பார்கள்.)

கள்ளி புயலுக்குள் குதித்து ஒரு குழந்தையைத் தூக்கிவந்தாள். "நடிக்கிறாள்," என்றேன். வலையை அறுத்து, அதில் சிக்கியவர்களை மீட்டாள். "ஐயோ, வலை நட்டம்!" என்றேன். அந்த நேரம் பார்த்து இளவரசி சிரித்துக்கொண்டே நிரையாக நின்ற மீன்பிடி வள்ளங்களுக்குத் தீ வைத்தாள்.

"அவவுக்குக் குளிருது..." என்று இழுத்தேன்.

மண்டபம் ஊவென்று கத்தியது. மெற்றில்டா எழும்பினாள்.

"மற்றவ கள்ளி எண்டு ஆர் சொன்னது?"

"முகத்தைப் பாத்தால் தெரியுதுதானே!" மைக்கை விலக்காமலே சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப என்ரை முகத்தைப் பாத்தால் என்ன தெரியுது?"

அவளும் அந்தப் பெண்ணின் நிறம்தான். நான் ஆசை ஆசையாகப் பார்த்த நிறம். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. கலியாணம் குழம்பிவிட்டது என்றே நினைத்தேன்.

அவள் கையை நீட்டினாள். "மைக்கைத் தாங்கோ."

மிச்சக் கதையை அவள்தான் சொன்னாள். அவளுக்கும் ஜப்பான் தெரியாது. நடப்பதைப் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான். கடைசியில் கறுத்தப் பெண் வென்றபோது சிறுமிகள் வாங்குப் பலகையில் ஏறி நின்று கத்தினார்கள். தங்கள் நிறத்தில் ஒருத்தி வென்ற படத்தை அந்தப் பிள்ளைகள் அதுவரை பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஜப்பான் தெரியாது எண்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ. பிறகு கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம்," என்றாள் மெற்றில்டா.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலில் நின்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "பெடியனுக்கு என்ன அடக்கம்!" என்றார் சம்மாட்டி. எஞ்சின் புத்தகங்களை வாசித்துச் சொல்லும்படி தொடர்ந்து கொண்டுவந்தார்கள். மெற்றில்டா மட்டும் நம்பினாள். கலியாணம் நடந்தது.

சென்ற மாதம் மகன் தான் விரும்பும் பெண்ணின் படத்தைக் காட்டினான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "முகத்தைப் பாத்தால்..." என்று தொடங்கினேன். மெற்றில்டா அன்றைக்கு மைக் கேட்ட அதே கையை நீட்டினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்க, நான் கண்ணாடியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தேன்.