உன் வீட்டு வாசலில் நிற்காமல் போன கார்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தானாவது ஒரு தடவை கூப்பிட்டு இவரைத் திட்டினார். நீ பதினைந்து நாளாகப் போனையே எடுக்கவில்லை. நியாயம்தான். சமைத்து வைத்துவிட்டு வாசலில் நின்றவளைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் பறந்துபோன தங்கையிடம் யார்தான் பேசுவார்கள்? ஆனால் நடந்ததை ஒரு தடவை கேட்டுவிடு. அப்புறம் கோபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொள்ளலாம்.

எல்லாம் போன வருஷம் அத்தான் சொன்ன ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. உங்கள் மலை ஏற்றத்தில் எங்கள் குட்டிக் கார் மூன்றாவது வளைவு வரைதான் இரண்டு பேரைச் சுமக்கும். அதற்கு மேல் நான் இறங்கிக் கூடவே நடந்து வருவேன். அன்றைக்குக் கேட்டில் நின்றுகொண்டு அத்தான், "காருல வந்தீங்களா, இல்ல காரைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். இவரும் சிரித்தார். பல் செட் செய்கிறவர் அல்லவா, தனக்கும் ஒரு சிரிப்பை அளவாகச் செய்து மாட்டிக்கொண்டார். உன் கேட்டைத் தாண்டியதும் கழற்றிவிட்டார்.

அடுத்த மாதமே, பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு வேனின் இன்ஜின் எங்கள் மெக்கானிக்கின் ஷெட்டில் வந்து இறங்கியது. அந்த மெக்கானிக்கை எல்லாரும் 'ஆகட்டும்' என்றுதான் கூப்பிடுவார்கள்; எதைக் கேட்டாலும் அவர் வாயில் அந்த ஒரு வார்த்தைதான் வரும். ஆகாது என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர் எங்களுக்கு வாய்த்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அதை எங்கள் காருக்குள் மாட்ட அளவெடுக்க வேண்டும் என்று என் தையல் டேப்பைக் கேட்டார்கள். டேப்பைப் பிடித்த உடனே சொல்லிவிட்டேன்: "ஏங்க, இது அண்ணன் உடம்பு, அது தம்பி சட்டை. எங்க பிரிச்சு விட்டாலும் ஏறாது." இவரோ, "கடைவாய்ப்பல் இடம் பார்த்தா முளைக்குது? முளைச்சா தாடை தானா வழி விடும்" என்றார். "ஆகட்டும்" என்றார் ஆகட்டும்.

வழி விட்டதடி அக்கா, எப்படி விட்டது என்று கேள். பானெட் மூடவில்லை என்று நடுவில் வெட்டி ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பல்வலியில் கன்னம் வீங்கினவர் மாதிரி ஆகிவிட்டது கார். பேட்டரிக்கு இடமில்லாமல் அது டிக்கிக்குப் போக, டிக்கியில் இருந்த ஸ்டெப்னி பின் சீட்டுக்கு வர, பழைய கியர்பாக்ஸ் புது இன்ஜினோடு ஒத்துப்போகாததால் வேனின் கியர்பாக்ஸே உள்ளே வர, கனம் தாங்காமல் முன்பக்கம் தாழ்ந்து, எதையோ தொலைத்துவிட்டுத் தரையில் தேடுகிற மாதிரி கார் நிற்க, அதற்கு வேனின் ஸ்பிரிங்கையும் போட்டு, கடைசியில் நான் கால் வைக்கிற இடத்தில் ஓர் இரும்பு மேடு எழும்பிவிட்டது. இனி நான் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும். இப்படியே எட்டு மாதம். எல்லாவற்றையும் மாற்றினார்கள், பிரேக்கை மட்டும் மாற்றவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அன்று காலை கிளம்பினோம். அடிவாரத்தில் வழக்கம்போல நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கத் தயாரானேன். மூன்றாவது வளைவு வந்தது, போயும் போயிற்று. இரைச்சலே இல்லை, யாரோ தொண்டைக்குள் பாட்டு முனகுகிற மாதிரி ஒரு ஒலி மட்டும். அந்த மரங்களை நான் ஒவ்வொன்றாகத்தான் அறிவேன், நடந்து பார்த்தவை. அன்றைக்கு அவை ஜவுளிக் கடையில் பீஸிலிருந்து உருவுகிற துணி மாதிரி, ஒரே பச்சையாக, முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தன. பனி கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகியது. இவர் கையைக் கிள்ளினேன்.

"என்னை ஏன் கிள்றே?"

"வலிக்குதான்னு பார்த்தேன்."

"வலிக்கலையே" என்றார்.

அப்படியானால் கனவு அவருடையது, நான் அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் உன் கேட் வந்தது. நீ கையில் கரண்டியோடு நின்றாய். அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இவர் பிரேக்கை மிதித்தார்; நிற்கவில்லை. சத்தியமாக நிற்கவில்லை. திறந்த வாயோடு அத்தான் சின்னதாகிக்கொண்டே போனதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மலை உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கார் ஒருவழியாக நின்றது. கீழே மேகம். பானெட்டின் மேல் சாய்ந்து நின்றோம்; ஏதோ பெரிய மிருகத்தின் முதுகு மாதிரி சூடாக இருந்தது. "இதுக்கு மேல மலையே இல்லையா?" என்றார் இவர், பாதிப் பசியில் தட்டு காலியான குழந்தை மாதிரி. பிரேக்கை நம்பி உன் பக்கம் இறங்கப் பயந்து, சரிவு குறைந்த மறுபக்கமாகவே முதல் கியரில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

உன் சமையல் ஆறிப்போனதற்குப் பிரேக்தான் காரணம், நான் இல்லை. அந்தக் காரில் இனி நான் ஏறுவதாக இல்லை. நீ மூத்தவள், நீ சொன்னால் இவர் கேட்பார்: வேன் இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டச் சொல்லி ஒரு வரி எழுது.

உன் கால் படி ஏறவும், அத்தானின் மனம் இறங்கவும் வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. பிரேக்கும் வேனுடையதுதான் அக்கா. முதல் வேலையாக அதைத்தான் மாற்றினார்கள். இவர் மிதித்ததும் கார் சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கத்தான் வந்தது. கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது நான்தான் இவர் முழங்கையைப் பிடித்து, "நிறுத்தாதீங்க" என்றேன். ஏன் என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. இத்தனை வருஷமும் போன இடத்துக்கெல்லாம் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தவள் நான். அந்த ஒரு நாள் எங்கேயும் வந்து சேராமல் இருக்க வேண்டும் போலிருந்தது. அத்தான் திட்டியபோதுகூட, "ஆமாங்க, பிரேக் சரியில்லைங்க" என்று பழியை இவரே வாங்கிக்கொண்டார். ஆகவே இன்ஜினைக் கழற்றச் சொல்லி எழுதிவிடாதே. வருகிற ஞாயிறு பத்து மணிக்கு ரோட்டுக்கே வந்து நில். எதுவும் சமைக்க வேண்டாம். நிறுத்துகிறோம், ஏறிக்கொள். எங்கே போகிறோம் என்று மட்டும் கேட்காதே.