கை நனைத்த வீடு

அருந்ததி இரண்டு வாய் சோறு எடுத்துவிட்டு இலையில் விரலை மடக்கிக்கொண்டார். எதிரே நின்ற பெண்ணின் தகப்பன் கனகலிங்கத்துக்குப் பயம் பிடித்தது.

பிடிக்காமல் என்ன செய்யும்? கனடாவிலிருந்து மகன் சுஜிதனோடு முள்ளியவளைக்குப் பெண் பார்க்க வந்திருக்கிற அம்மா அவர். பிடிக்காத சம்பந்தம் என்றால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், இது ஊருலக வழக்கம். இரண்டு வாயோடு நிறுத்துவதும் கை நனைக்காத கணக்குத்தான் என்று அவருக்குப் பட்டது. சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு வந்த முதல் நல்ல சம்பந்தம். மகள் பிரஷாந்தினிக்கும் பொடியனைப் பிடித்துவிட்டது. தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் போனபோதே முகம் சொல்லிவிட்டது.

கனகலிங்கம் குசினிக்குள் ஓடினார். உறைப்புக் கூடிவிட்டதாக்கும் என்றார் மனைவி விமலேஸ்வரி. உடனே முட்டைப் பொரியல் போனது. அருந்ததி ஒரு நுனியைப் பிட்டுவிட்டுச் சிரித்தார். பொரியலும் பிடிக்கவில்லையாக்கும் என்று இறால் போனது. அதை அவர் தொடவேயில்லை. இனிக் கோழிதான் என்று கனகலிங்கம் சேவலைத் துரத்தினார். அது வேலி தாண்டிப் பக்கத்து வளவுக்குள் போய்விட்டது. வேட்டி முள்ளில் கிழிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பிரஷாந்தினியே தான் காய்ச்சிய பாயசத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அருந்ததி அவளை ஒருதரம் நன்றாகப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை வாங்கி, முழுதையும் குடித்து முடித்தார். கனகலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் ஆறுதலாக உட்காரவில்லை, அதற்குள் அருந்ததிக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிட்டார்.

"பாயசத்துக்கை என்னத்தையடி போட்டனி?" என்று விமலேஸ்வரி மகளைப் பிடித்து உலுக்கினார்.

சுஜிதன் பதறவில்லை. "பயப்பிடாதேங்கோ அங்கிள். அம்மா உடம்பு குறைக்க ஒப்பரேசன் செய்தவா. இரைப்பையை முட்டையளவுக்குப் பிரிச்சு, அதிலையிருந்து நேரே சிறுகுடலுக்குத் தொடுத்திருக்கினம். ரெண்டு வாயிலை வயிறு நிரம்பிடும். இனிப்பு எண்டால் கடகடவெண்டு குடலுக்கை இறங்கி இப்பிடித்தான் ஆட்டும். கொஞ்சம் படுத்தால் சரி."

கனகலிங்கம் வயல்காரர், வயல்காரர் வழியில்தான் அவருக்கு விளங்கியது. குளத்தில் ஒரு மூலையை மறித்து, அங்கிருந்து நேரே கீழ்வாய்க்காலுக்கு வெட்டிவிட்டிருக்கிறார்கள். அதற்குள் தான் பெருவெள்ளத்தைத் திறந்துவிட்டிருக்கிறார். விளங்கியதும் பயம் இரட்டித்தது. மாப்பிள்ளையின் தாயைப் பாயசத்தால் விழுத்திய வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? கதவுக்குப் பின்னால் பிரஷாந்தினி அழுகிற சத்தம் கேட்டது. அவருக்கும் அழுகை வரப் பார்த்தது.

அவர்களை வவுனியாவிலிருந்து ஏற்றிவந்த வான் சாரதி நல்லதம்பி தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். கனகலிங்கம் செம்பை நீட்டிக்கொண்டே, முதலே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வில்லங்கம் வந்திருக்காதே என்று அவரிடம் புலம்பினார்.

நல்லதம்பி அண்ணாந்து தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"கிழமை முழுக்க நான்தான் இவையளை வீடு வீடா ஏத்தி இறக்கிறன். பிடிக்காத வீடெண்டால், பொம்பிளையைப் பாத்த கையோடை 'ஒப்பரேசன் செய்தனான், சாப்பிடேலாது' எண்டு சொல்லி, கை நனைக்காமல் எழும்பி வந்திடுவா. இங்கைதான் ஐயா, அவா அந்தக் கதையை எடுக்கவேயில்லை."