அத்தியட்சரின் நித்திரையும் பதினாறு அங்குலச் சில்லும்

அரசாங்க றோட்டில் குழி இருக்கிறதா இல்லையா என்பதைக் குழிக்குள் விழுந்தவன் தீர்மானிக்க முடியாது. அதற்கென்று ஒரு கந்தோர் இருக்கிறது. கந்தோரில் றோட்டுகளுக்குப் பொறுப்பான ஓர் அத்தியட்சர் இருக்கிறார். அத்தியட்சரிடம் ஒரு முறை இருக்கிறது. இவ்வளவு சின்ன விஷயம் விளங்காமல்தான், அளவெட்டிக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் கிடக்கும் புளியங்கிணற்றடிச் சனம் எண்பத்துநாலாம் ஆண்டு வரை மாரடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சனத்துக்காக மனு எழுதுகிறவர் பொன்னம்பலம். வெங்காயம் செய்கிறவர், கிராம முன்னேற்றச் சங்கத்தின் காரியதரிசி. வெங்காயத்துக்குப் பருவம் உண்டு, காரியதரிசி வேலைக்குப் பருவமில்லை. ஆனால் இந்த முறை அவர் பெட்டிசம் எழுதியது சங்கத்துக்காக மட்டுமல்ல. அவருடைய ஒரே மகள் பூரணம் கொடிகாமத்தில் வாழ்க்கைப்பட்டவள், பிள்ளைத்தாய்ச்சி. தலைப்பிள்ளை. வழக்கப்படி ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். பிறகு நோவு வந்தால், அந்த றோட்டால்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போன வருஷம் சங்கத் தலைவர் ஆழ்வாப்பிள்ளையின் மருமகள் அந்த றோட்டில் வாடகைக் காருக்குள்ளேயே பெற்றுப்போட்டு, உயிர் தப்பினதே பெரும்பாடு. அதை நினைத்தால் பொன்னம்பலத்துக்குச் சோறு இறங்காது.

பெட்டிசம் போனது. பதில் வந்தது. "தாங்கள் குறிப்பிடும் குழிகள் எமது பரிசோதனையின்போது உணரப்படவில்லை என்பதை இத்தால் அறியத்தருகிறேன்."

உணரப்படவில்லையாம். பொன்னம்பலம் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே கந்தோருக்குப் போனார்.

அத்தியட்சர் இராசநாயகம் நல்ல மனுசன் என்றுதான் சொல்லவேண்டும். ஒருவர்மேலும் எரிந்து விழமாட்டார். தன்னுடைய பரிசோதனை முறையை அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். றோட்டின் தொடக்கத்தில் காரின் பின்சீற்றில் சாய்ந்து கண்ணை மூடுவார். சாரதி கந்தப்பு காரை ஓட்டுவான். முடிவு வரும்வரை முழிப்பு வராவிட்டால் றோட்டு திருப்திகரம். முழிப்பு வந்தால் திருத்தவேண்டும். இருபது வருஷ சேவையில் அவருக்கு ஒருநாளும் முழிப்பு வரவில்லை. கந்தோரின் பழைய கார் மெத்தை போன்றது, கொழுத்த ரயர், கிழட்டு ஸ்பிறிங்கு. அதுக்குள் ஏறினால் கைப்பிள்ளையும் நித்திரையாகிவிடும்.

"சேர், குழி கண்ணுக்குத் தெரியுது" என்றார் பொன்னம்பலம்.

"கண்ணை நம்பி அரசாங்கம் வேலை செய்யேலாது, பொன்னம்பலம். கண் ஆளுக்காள் வேறை. நித்திரை எல்லாருக்கும் ஒண்டுதான்."

பொன்னம்பலம் ஓம் சேர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அத்தியட்சர் புதுக் கார் எடுத்தார். கொழும்பில் ஏதோ தூதரகத்தில் இருந்தவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ஜேர்மன் கார். பார்வைக்கு நாலு கதவுக் குடும்பக் கார், உள்ளுக்குள் பந்தயக் குதிரை. மணிக்கு நூற்றிருபது மைல் ஓடுமாம். எங்கே ஓடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வேகத்தில் மிதித்தால் சுன்னாகம் தாண்டிக் கண்ணை மூடித் திறக்கமுன் காங்கேசன்துறைக் கடல் வந்துவிடும். இனிப் பரிசோதனை எல்லாம் தன்னுடைய சொந்தக் காரிலேதான் என்று அத்தியட்சர் அறிவித்தபோது புளியங்கிணற்றடி சந்தோசப்பட்டது. பந்தயக் கார் என்றால் குலுக்கும், குலுக்கினால் மனுசன் முழிப்பார். முழிக்கவில்லை. அந்தக் காரில் பழைய காரைவிட நல்லாய் நித்திரை வந்ததாம், குறட்டை றோட்டுக்குக் கேட்டதாம்.

பூரணத்துக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

உழவு மெசின் ரயர் ஒட்டுவிக்கக் குருநகருக்குப் போன இடத்தில்தான் பொன்னம்பலத்துக்கு வழி பிறந்தது. ரயர்க் கடைக்காரன் பிலிப்பு வாய்காரன். அவன் கடைச் சுவரில் நாலு சில்லு தொங்கியது, கோயில் குத்துவிளக்கை மினுக்கிவைத்த மாதிரிப் பளபளப்பு. கப்பலில் வேலை செய்கிற தம்பி கொண்டுவந்ததாம். அலோய் வீல், பதினாறு அங்குலம். உது ஏன் விலைப்படாமல் கிடக்குது என்று பொன்னம்பலம் கேட்டார்.

பிலிப்பு ஒளிக்கவில்லை. இரண்டு பேர் வாங்கி இரண்டு பேரும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். கடைசியாக வாங்கின நகைக்கடை முதலாளியின் பெண்சாதிக்கு, கோயிலுக்குப் போகிற வழியில் கட்டுப்பல் கழன்று மடியில் விழுந்துவிட்டது.

"காருக்கு அளவு பதின்மூண்டு அங்குலம், அண்ணை. சில்லின்ரை வெளிச்சுற்று எப்பவும் ஒண்டுதான், அது கூடினால் மட்காட்டிலை முட்டும். அப்ப நடுவிலை றிம் பெருக்கப் பெருக்க ரயர் மெலியும். மெலிஞ்ச ரயருக்குள்ளை காத்து எங்கை இருக்கும்? காத்து இல்லையெண்டால் குழி நேரே இடுப்புக்கு, நாரிக்குத்தான் வரும். வளைவிலை கார் நல்லாய் நிக்கும், அது உண்மை. ஆனால் இருக்கிறவனுக்கு மோட்சமில்லை."

பொன்னம்பலம் சில்லைத் தடவிப் பார்த்தார். ரயர் என்று சொல்ல விரற்கடை அளவு றப்பர்தான் இருந்தது.

"இதைவிட மோசமாய் ஏதும் இருக்கோ?"

"பதினேழு இருக்காம். அதை நான் கண்ணாலையும் காணேல்லை."

வெங்காயத்துக்குச் சில்லு என்று பேசி முடித்துக்கொண்டு பொன்னம்பலம் ஊருக்கு வந்தார். சங்கம் அவசரமாகக் கூடியது. அரச அதிகாரிக்குப் பொருள் கொடுப்பது லஞ்சமா இல்லையா என்று விளக்கு வைக்கும்வரை விவாதம் நடந்தது. சட்டம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே சத்தத்தில் கதைத்தார்கள். கடைசியில் தலைவர் ஆழ்வாப்பிள்ளை தீர்ப்பாகச் சொன்னார், சுகம் கொடுத்தால்தான் லஞ்சம், நாங்கள் கொடுக்கிறது நோவு. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அத்தியட்சருக்குப் பாராட்டு விழா நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். "துயிலாது காக்கும் தூயவ" என்று தொடங்கும் வாழ்த்துப்பாவைப் பண்டிதர் ஒருவர் மூச்சு விடாமல் வாசித்தார். பிறகு நாலு சில்லையும் சந்தனம் குங்குமம் வைத்து மேடைக்கு உருட்டிவந்தார்கள். அத்தியட்சர் பதறிப்போனார். அரச ஊழியர் அன்பளிப்பு வாங்கக்கூடாதென்று சுற்றறிக்கை இருக்கிறதே.

"இது அன்பளிப்பில்லை, சேர். மரியாதை. போட்ட மாலையை ஆரும் திருப்பித் தாறேல்லைத்தானே. உது காருக்குப் போட்ட மாலை" என்றார் பொன்னம்பலம்.

மாலைக்குச் சுற்றறிக்கை இல்லை. அத்தியட்சர் ஏற்றுக்கொண்டார்.

சில்லுப் பூட்டின கார் சுன்னாகச் சந்தைக்கு முன்னால் போனபோது, வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒரு மாதம் போகவில்லை, வலிகாமத்தில் கார் வைத்திருந்த அதிகாரிகளுக்கெல்லாம் அலோய் வீல் இல்லாமல் வெளியில் தலைகாட்ட வெட்கமாகிவிட்டது. பிலிப்பின் தம்பிக்கு அடுத்தடுத்துத் தந்தி போனது. சில்லுக் கிடைக்காத பள்ளிக்கூட அதிபர் ஒருவர் தன் பழைய காரின் இரும்புச் சில்லுக்கு வெள்ளி வர்ணம் பூசினார். நாரி நோகாமலே நோகிறதென்றும் சொல்லித் திரிந்தார். நோவு இல்லாத சில்லுக்கு மதிப்பு இல்லை என்றாகிவிட்டது.

அத்தியட்சர் புளியங்கிணற்றடிக்குப் பரிசோதனைக்கு வந்தார். கண்ணை மூடினார். முதல் குழியிலேயே தலை கூரையில் முட்டி முழிப்பு வந்தது. வேலிக்குப் பின்னால் நின்று பார்த்த பொன்னம்பலம் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார்.

ஆனால் அரசாங்க மூளை அப்படி லேசில் றோட்டுக்கு வராது. முழிப்பு வந்ததும், தனக்கு நித்திரையின்மை வியாதி என்று இராசநாயகம் தீர்மானித்தார். டொக்டர் சோதித்து ஒன்றுமில்லை என்றார். பரியாரியார் தலைக்கு எண்ணெய் கொடுத்தார், அதுவும் சரிவரவில்லை. சாத்திரியார் சனி பார்க்கிறது என்றார். எள் எரித்தாயிற்று, சனி பார்த்துக்கொண்டே இருந்தது. சில்லை மாத்திப் பாப்பமோ சேர் என்று ஒருநாள் கந்தப்பு மெல்லக் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். ஜேர்மன் கார், கப்பலில் வந்த சில்லு, ஊர் கூடிச் செய்த மரியாதை, அதில் பிழை இருக்குமா? உடம்பிலும் பிழையில்லையென்று டொக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது றோட்டு ஒன்றுதான்.

ஆனாலும் இருபது வருஷமாகத் திருப்திகரம் என்று தானே எழுதின றோட்டு. ஆகவே "கடந்த வாரம் பெய்த பெருமழையில் மேற்படி வீதி திடீரெனச் சேதமுற்றுள்ளது" என்று அறிக்கை போனது. அது சித்திரை மாதம். கிணறுகளெல்லாம் அடிமண் தெரிய வற்றிக் கிடந்தன. இருந்தாலும் தங்கள் ஊரில் மழை பெய்ததென்று புளியங்கிணற்றடி ஒரு முகமாகச் சாட்சி சொன்னது.

கல் வந்தது, தார் வந்தது, உருளை மெசின் வந்தது. பூரணமும் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். பொன்னம்பலம் வெங்காயத்தை மறந்து தார்ப்பீப்பாவோடு நின்றார். இரண்டு மாதத்தில் பிரதான வீதியில் ஏறும் சந்தி வரைக்கும் றோட்டு வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. பிரதான வீதி அடுத்த பிரிவு. அங்கே கைவைக்க இராசநாயகத்துக்கு அதிகாரமில்லை.

திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டினார்கள். அளவெட்டியிலிருந்து பேர்பெற்ற நாதஸ்வரக் கோஷ்டி வந்தது. சந்தியில் சிவப்பு நாடா கட்டியிருந்தது, அதை வெட்டும்வரை ஒரு வாகனமும் றோட்டில் இறங்கக்கூடாதென்று உத்தரவு. சுபநேரத்துக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடந்தது. அத்தியட்சரின் கார் மட்டும் முதல் ஓட்டத்துக்காக ஊருக்குள் நாடாவைப் பார்த்தபடி நின்றது. தலைவர் வரவேற்புரையில் பாதி தாண்டின நேரம் பொன்னம்பலத்தின் மனைவி நல்லம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். பூரணத்துக்கு நோவு வந்துவிட்டது, பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. வாடகைக் காரைச் சந்தியில் பொலிஸ்காரர் மறித்து வைத்திருக்கிறார்.

பொன்னம்பலம் மேடையில் ஏறினார்.

"சேர், பிள்ளையை உங்கடை காரிலை ஏத்துங்கோ."

அத்தியட்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் வரேல்லையே, இப்ப நாடா வெட்டினால் றோட்டுக்குக் கூடாது என்றார். ஆழ்வாப்பிள்ளையும் வரவேற்புரை முடியட்டும் என்றார், அவர் மருமகள் பட்ட பாடு அவருக்கே மறந்துபோனது. வருஷக்கணக்காக "மேற்படி", "இத்தால்" என்று எழுதியே பழகின பொன்னம்பலம் இந்த முறை பெட்டிசம் எழுதவில்லை. நேரே சந்திக்கு ஓடினார், நாடாவை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தார். நாதஸ்வரக்காரர் அதைக் கண்டு, நேரம் வந்துவிட்டதென்று கெட்டிமேளம் கொட்டினார்கள். மேளம் கொட்டின பிறகு அத்தியட்சராலும் ஒன்றும் செய்யமுடியவில்லை.

கந்தப்பு காரைப் பொன்னம்பலத்தின் வீட்டுக்கு விட்டு, பூரணத்தையும் நல்லம்மாவையும் பின்சீற்றில் ஏற்றினான். முன்சீற்றில் அத்தியட்சர், சந்தியில் பொன்னம்பலமும் அவரோடு நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார். புது றோட்டில் கார் வழுக்கிக்கொண்டு வந்தது. பூரணத்தின் முனகல்கூட அடங்கிப்போனது. பல மாதத்துக்குப் பிறகு இராசநாயகத்தின் கண் தானாக மூடியது.

சந்தி தாண்டிப் பிரதான வீதியில் ஏறியவுடன் முதல் குழி. பதினாறு அங்குலச் சில்லு அதை அப்படியே, ஒரு சல்லியும் குறையாமல், மேலே அனுப்பிவைத்தது. பூரணம் ஒரு சத்தம் வைத்தாள். அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது, சின்னது, புதிது.

திடுக்கிட்டு முழித்த அத்தியட்சர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, குழியைச் சுற்றிப் பார்த்தார்.

"இது என்ரை பிரிவில்லை" என்றார்.

தாயும் பிள்ளையும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பூரணத்துக்கு நிறைய இரத்தம் போய்விட்டது, பத்து நாள் கிடந்தாள், பிழைத்துக்கொண்டாள். பொன்னம்பலம் ஆஸ்பத்திரி விறாந்தையில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதார்.

ஊரில் கதை வேறுமாதிரிப் போனது. கத்தியில்லை, மருந்தில்லை, ஒரு குழியில் ஒரு இறக்கம், பிள்ளை கையில் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த கிழமை மல்லாகத்திலிருந்தும் சங்கானையிலிருந்தும் மாதம் நிரம்பின பெண்களை அலோய் வீல் கார்களில் ஏற்றிவந்து அந்தக் குழியில் இறக்கி ஏற்றினார்கள். சந்தியில் ஒருவர் சோடாக் கடை போட்டார். சில்லைத் திருப்பிக் கொடுத்த நகைக்கடை முதலாளி மகளுக்காகத் திரும்பவும் சில்லு வாங்கினார். இந்த நேரம் பார்த்து அடுத்த பிரிவு அத்தியட்சர், புதிதாகச் சில்லுப் பூட்டினவர், நாரி நோவு தாங்காமல் பிரதான வீதியைத் திருத்த ஆயத்தம் செய்கிறார் என்று செய்தி வந்தது.

சங்கம் அவசரமாகக் கூடியது. குழியை மூடவேண்டாம் என்று பெட்டிசம் எழுத ஏகமனதாகத் தீர்மானம். எழுதினவர் பொன்னம்பலம். ஊருக்கு வந்த பேரைத் தன் கையாலேயே இல்லாமல் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. கையெழுத்து வாங்கப் பேப்பரோடு வீட்டுக்கு வந்தபோது பூரணம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசித்துப் பார்த்துவிட்டுப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு நொந்தது, ஐயா. உங்கள் ஒருத்தருக்கும் நோகேல்லை."

பொன்னம்பலம் பேப்பரை மடித்து மடியில் செருகினார். பிறகு அவள் பேருக்கு விட்டிருந்த இடத்தில் ஆழ்வாப்பிள்ளையின் மருமகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் அடுத்த பிரிவுக் கந்தோரில் கொடுத்தார்.

புளியங்கிணற்றடியின் சரித்திரத்தில் அந்த ஒரு பெட்டிசத்துக்குத்தான் அன்றைக்கே மறுமொழி வந்தது. "குழியை மூடாதிருக்குமாறு தாங்கள் விடுத்த கோரிக்கை அங்கீகரிக்கப்பட்டுள்ளது. மேற்படி மூடாதிருக்கும் வேலை இன்று காலை ஆரம்பிக்கப்பட்டு, இன்று காலையே பூர்த்தி செய்யப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்."