தடையண்ணையின் சீனக் குடை

1996 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலையில் நான் வேலை செய்யும் இத்தாலியச் சீமாட்டி, சின்யோரா வீட்டு ஜன்னல்களைத் துடைத்தேன். மாலையில் கபோ சந்தையில் கத்தரிக்காய் வாங்கினேன். சீசா வட்டாரத்தில் இருந்த எங்கள் அறைக்குத் திரும்பியபோது, தடையண்ணை மக்கரோனிச் சட்டியை முறைத்துக்கொண்டு நின்றார்.

இத்தாலியின் பலெர்மோவில் இருந்துகொண்டு தனியாளாகப் பல நாடுகளோடு மோதியவர் என் அறைத்தோழர் தடையண்ணை ஒருவர்தான். ஊரில் யுத்தம். சவுக்காரம், பற்றரி கூட வடக்குக்குள் போகாதபடி இலங்கை அரசாங்கம் தடை போட்டிருந்தது. அண்ணை திருப்பித் தடை போட்டார். அரசாங்கம் எந்த நாட்டிடம் ஆயுதம் வாங்குகிறதோ, அந்த நாட்டுப் பொருளை அவர் தொடமாட்டார்.

சீனாவிடம் விமானம் வாங்கினார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே தன் சீனக் குடையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த மாரி முழுவதும் நனைந்தபடிதான் வேலைக்குப் போனார். செக் நாட்டு டாங்கி என்றபோது பெரிய சிக்கல் வந்தது. அந்த நாட்டுப் பொருள் எதுவும் எங்களிடம் இல்லை. வுச்சீரியா சந்தைக்குப் போய், பேரம் பேசி, ஒரு செக் கண்ணாடிக் குவளை வாங்கி வந்து, அதையும் குடையோடு பூட்டினார்.

“நீங்கள் தடை போட்டது அவையளுக்குத் தெரியுமோ அண்ணை?”

“தெரியாட்டி அது அவையின்ரை பிழை.”

அன்று மக்கரோனி செய்த குற்றத்தைக் கேட்டேன்.

“இத்தாலியிட்டையும் சண்டைப் படகுக்கு விலை கதைக்கினமாம். சந்தியிலை கதைக்கிறாங்கள்.”

சட்டியைப் பார்த்தேன். சட்டி இத்தாலி. அடுப்பு இத்தாலி. நாங்கள் நின்ற தரையும் இத்தாலி. மறுநாள் காலை க்வெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில், மனைவியை அழைப்பதற்கான பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடவேண்டும். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி இரண்டு வருடமாகக் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் காத்திருந்தார்.

“அப்ப நாளைக்குப் போறேல்லையோ?”

“யோசிக்கிறன்.”

“இதிலை என்ன யோசனை? அக்கா அங்கை பெட்டியைக் கட்டிக்கொண்டு இருக்கிறா.”

மக்கரோனியை நான் தனியே சாப்பிட்டேன். அவர் பாண் துண்டைக்கூடத் தொடவில்லை.

விடிந்தபோது அவர் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. வெளியே மழை. இறங்கி ஓடினேன். முகச்சவரம் செய்திருந்த அவர் வாசலில் பத்திரங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கையில் சீனக் குடை.

“இத்தாலிக்குத் தவணை குடுத்திருக்கிறன்.”

“எவ்வளவு காலம்?”

“மனுசி வந்து இறங்குமட்டும்.”

“சீனாவுக்கும் தவணையோ?”

“குடை உனக்கு. இந்தா, பேப்பரையும் பிடி. நனையப்படாது.”

இரண்டையும் என் கையில் திணித்துவிட்டு, மழைக்குள் இறங்கி நடந்தார். தெருவில் கால் வைத்ததும் நான் செய்த முதல் வேலை, எட்டி அவர் கையைப் பிடித்துக் குடைக்குள் இழுத்ததுதான். பஸ் வரும்வரை விடவில்லை.